கதவு திறந்திருக்கிறது, வீடு எங்கே?

(மாணவர் பயிற்சிப் பாசறையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



எனக்குத் தரப்பட்டுள்ள தலைப்பு, 'ஆராய்ச்சிக்கூடமும் வேலைவாய்ப்பும்' என்பது. தலைப்பைத் தந்த தோழர்கள், பேச வருபவனைப்பற்றிக் கொஞ்சம் ஆராய்ச்சி நடத்தியிருந்தால் வேறு ஆளைத் தேடியிருப்பார்கள். நான் கல்லூரிக்குள் நுழைந்தவன், முடித்து வெளியேறியவனல்லன். இரண்டாம் ஆண்டிலேயே நாடகமேடை கைதட்டி அழைத்தது, போய்விட்டேன். பட்டமே பெறாத ஒருவன், பட்டத்துக்குமேல் பட்டம் பெற்றவர்களின் பாட்டைப் பேசப்போகிறேன். சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். நெல் விளைவிக்கத் தெரியாதவனுக்கும், 'சோறு வேகவில்லை' என்று சொல்லும் உரிமை உண்டல்லவா?

சென்ற திங்கள் ஒருநாள் காலை, முதியவர் ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். ஒரு காலத்தில் நம்முடைய ஏடுகளுக்கு அச்சுக் கோத்தவர். ஈய எழுத்துகளைப் பொறுக்கிப் பொறுக்கி விரல் நுனி கறுத்துப்போனவர். கூட்டங்களுக்கு வருவார், முன்வரிசையில் அமரமாட்டார், கடைசியில், விளக்குக் கம்பத்தடியில் நின்று கேட்பார். மேடையிலே நின்று முழங்குகிறோமே, அந்த முழக்கம் மறுநாள் காலை எழுத்தாக வெளிவர இரவெல்லாம் விழித்திருந்தவர் அவர். அவருடைய மகள் டாக்டர் பட்டம் பெற்றிருக்கிறாள். உலோகங்களைப்பற்றிய ஆராய்ச்சி. ஈய எழுத்தைக் கோத்தவரின் மகள், உலோகத்தின் உட்கூறுகளை ஆராய்கிறாள்! பாட்டன் கைநாட்டு, தகப்பன் எழுத்துக் கோத்தவன், மகள் டாக்டர். மூன்று தலைமுறையில் மூன்று படி. அதைக் கேட்டபோது என் நெஞ்சு நிமிர்ந்தது.

"தம்பி! ஜெர்மனியிலிருந்து வந்திருக்கிறது. தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாம். பாப்பா படித்துச் சொன்னாள். ஆனால் அவள் இருக்கிற மகிழ்ச்சியில் எதையாவது விட்டுவிட்டுப் படித்திருப்பாள். நீ முழுவதும் படித்துச் சொல்லு" என்று ஒரு தாளை நீட்டினார்.

நான் படித்தேன். டாக்டர் பட்டம் பெற்றவர்களுக்கான ஆய்வுப் பணி. 'போஸ்ட்டாக்' என்று சுருக்கமாகச் சொல்கிறார்களே, அது. முழுநேரம். வரி பிடிப்பதற்கு முன்பு மாதம் நாலாயிரம் யூரோவுக்கு மேற்பட்ட ஊதியம். பெண்கள் விண்ணப்பிக்க வேண்டும் எனச் சிறப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தகுதி ஒத்திருக்குமானால் மாற்றுத் திறனாளிகளுக்கு முன்னுரிமை என்றும் எழுதியிருந்தார்கள். படிக்கப் படிக்க இனித்தது. 'அண்ணே, ஊரெல்லாம் சுவரொட்டி ஒட்டிவிடுவோம்' என்று சொல்ல வாயெடுத்தேன்.

கீழே ஒரு வரி. சின்ன வரி. 'பணிக்காலம்: 24 மாதம்.'

"இது நிலையான வேலைதானே, தம்பி?" என்றார் முதியவர்.

தோழர்களே! நாலாயிரம்பேர் கூடிய கூட்டத்திலே குறுக்குக் கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். அந்த ஒரு கேள்விக்கு அன்று என்னால் பதில் சொல்ல இயலவில்லை. "விசாரித்துச் சொல்கிறேன், அண்ணே" என்று அனுப்பிவிட்டேன். விசாரித்தேன். விசாரித்ததைத்தான் இப்போது உங்கள்முன் வைக்கிறேன்.

முதலில் ஒன்று. அந்த நாட்டைத் தூற்றுவதற்காக நான் இங்கே நிற்கவில்லை. தொழிற்கல்விக்கு மதிப்புத் தேடித் தந்த நாடு அது. பெர்லின் நகரத்திலே ஷார்லோட்டன்பர்க் என்றொரு பகுதி. அங்கே 1879ஆம் ஆண்டு எழுந்தது தொழில்நுட்ப உயர்கல்லூரி. இன்று பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் என வழங்குவது அதன் வழிவந்ததுதான். பாலம் கட்டவும் பொறி செய்யவும் கற்றவர்களுக்கு டாக்டர் பட்டம் வழங்கும் உரிமை அப்போது கிடையாது. பழைய பல்கலைக்கழகத்துப் பண்டிதர்கள் முகம் சுளித்தார்கள். மறைநூலும் சட்டநூலும் கற்றவன் டாக்டர். கரிப்புகையிலே நிற்பவனுமா டாக்டர் என்றனர். 1899இல் கெய்சர் மன்னன் தலையிட்டு அந்த உரிமையை வழங்கினான். வழங்கும்போதும் ஒரு வேலி போட்டார்கள்: மற்ற டாக்டர் பட்டங்கள் இலத்தீனில் இருக்கலாம், பொறியாளனின் பட்டத்தைத் தாய்மொழியான ஜெர்மனில்தான், ஜெர்மன் எழுத்தில்தான் எழுதவேண்டும்! தேவபாடை அவர்களுக்கு, மக்கள் பாடை இவர்களுக்கு. தண்டனையாகக் கொடுத்ததை அவர்கள் பெருமையாக அணிந்துகொண்டார்கள். இன்றைக்கும் அந்நாட்டுப் பொறியாளர் டாக்டர் பட்டத்தை அப்படித்தான் எழுதுகிறார்கள். எங்கோ கேட்ட கதைபோல இருக்கிறதல்லவா? இருக்கட்டும், நம் கதைக்கு வருவோம்.

உழைப்புக்கு அப்படி மதிப்புத் தேடிய அந்த நாட்டில், டாக்டர் பட்டம் வாங்கிய பிறகு என்ன நடக்கிறது?

பன்னிரண்டு ஆண்டுக் கணக்கு

2007ஆம் ஆண்டு ஒரு சட்டம் இயற்றினார்கள். விஞ்ஞானத் துறையிலே தவணை வைத்து வேலைக்கு அமர்த்துவது பற்றிய சட்டம். டாக்டர் பட்டம் பெறும்வரை ஆறு ஆண்டு. பெற்ற பின் ஆறு ஆண்டு. மருத்துவத் துறையானால் பின்னது ஒன்பது. முன்னதில் மிச்சம் பிடித்தால் பின்னதில் சேர்த்துக்கொள்ளலாம். குழந்தை இருந்தால், குழந்தை ஒன்றுக்கு இரண்டு ஆண்டு நீட்டிக்கலாம். இந்தக் காலத்துக்குள் ஓராண்டு, ஈராண்டு, மூவாண்டு என்று துண்டு துண்டாக ஒப்பந்தம் போடலாம். காலம் தீர்ந்ததா? நிலையான இடம் கொடு, இல்லையேல் அனுப்பிவிடு! வெளியாரின் பணத்தில் நடக்கும் ஆய்வுத் திட்டம் ஏதேனும் கிடைத்தால், அந்தத் திட்டத்தின் ஆயுள்வரை மறுபடியும் தவணையில் ஒட்டிக்கொள்ளலாம்.

சட்டம் செய்தவர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். காலமெல்லாம் ஒருவரைத் தவணையிலேயே வைத்திருக்கக்கூடாது, ஓர் எல்லை வேண்டும் என்பதுதான் சொல்லப்பட்ட நோக்கம். ஆனால் நடந்தது என்ன? எல்லைக்கு அப்பால் இடம் இருந்தாலல்லவா எல்லையைக் கடக்கலாம்? எல்லைக்கல் நட்டார்கள், அதற்கு அப்பால் ஊரை அமைக்க மறந்துவிட்டார்கள்.

நாடகக்காரன் நான்; நாடகத்தைக் கொண்டுதான் எனக்கு எதுவும் விளங்கும். அந்தக் காலத்திலே பாய்ஸ் கம்பெனி என்று இருந்தது. ஊர் ஊராகப் போய்ப் பாடத் தெரிந்த சிறுவர்களைச் சேர்ப்பார்கள். சோறு உண்டு, பாடம் உண்டு, அடியும் உண்டு. பையன் ஸ்திரீபார்ட் கட்டுவான், பாடுவான், கொட்டகை ஆர்ப்பரிக்கும். ஒருநாள் குரல் உடையும். அவ்வளவுதான்! நேற்றுவரை மேடையிலே மின்னியவன், இன்று மூட்டை தூக்கவேண்டும். இல்லையென்றால் ஊருக்குப் போகவேண்டும். அவன் செய்த குற்றம் என்ன? வளர்ந்தான்! அந்தக் குற்றத்தைத்தான், தோழர்களே, இங்கே பன்னிரண்டு ஆண்டு என்று எழுத்திலே எழுதி வைத்திருக்கிறார்கள். வளர்ந்துவிட்டாய்; வெளியே போ!

அவர்களை அங்கே அரசாங்க ஏடுகளில் எப்படி அழைத்து வந்தார்கள் தெரியுமா? 'நாஹ்வுக்ஸ்' என்று. பின்முளைத்த தளிர் என்று பொருள் கொள்ளலாம். நம் மொழியில் சொன்னால் நாற்று. முப்பது வயதிலே நாற்று, முப்பத்தைந்திலே நாற்று, மீசை நரைத்த நாற்பதிலும் நாற்று! நாற்றங்காலிலேயே நரைக்கிற பயிரை எந்த உழவனாவது கண்டதுண்டா? பிடுங்கி நடவேண்டிய பருவத்தில் நடாமல் விட்டுவிட்டு, 'நாற்று முதிர்ந்துவிட்டது, எறி வெளியே' என்கிறார்கள்.

நான் மிகைப்படுத்துகிறேனோ என்று ஐயுறும் நண்பர்களுக்கு அவர்களுடைய கணக்கையே தருகிறேன். 2021இல் வெளியான அந்நாட்டுக் கூட்டாட்சி அறிக்கை சொல்கிறது: உயர்கல்வி நிலையங்களில் பணிபுரியும், 45 வயதுக்கு உட்பட்ட, பேராசிரியர் அல்லாத ஆராய்ச்சியாளர்களில் 100க்கு 92பேர் தவணை ஒப்பந்தத்தில் இருப்பவர்கள். டாக்டர் பட்டத்துக்கு உழைத்துக்கொண்டே பணிபுரிவோரும் இதில் அடக்கம். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அப்படியும் 92!

ஹன்னா பேசினாள்

இந்த ஏற்பாட்டை விளக்க, அந்நாட்டுக் கல்வி, ஆராய்ச்சி அமைச்சகம் சிறு கேலிச்சித்திரப் படம் ஒன்றைத் தயாரித்திருந்தது. அதிலே ஒரு பெண். பெயர் ஹன்னா. உயிரியல் ஆராய்ச்சி செய்பவள். அவளுக்கு ஏன் தவணை வேலை என்று படம் பாடம் நடத்தியது. ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தால்தான் புதுமை பிறக்குமாம். ஒரே தலைமுறை எல்லா இடங்களையும் அடைத்துக்கொள்ளக் கூடாதாம். அடைப்பு! சாக்கடைக்குச் சொல்கிற சொல்லை விஞ்ஞானிக்குச் சொன்னார்கள்.

2021 ஜூன் மாதத்தில் அந்தப் படம் மீண்டும் மக்கள் கண்ணில் பட்டது. அம்ரை பார், கிறிஸ்டின் ஐக்ஹார்ன், செபாஸ்டியன் கூபோன் என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள் 'நான்தான் ஹன்னா' என்ற ஒரு வரியைக் கொளுத்திப் போட்டார்கள். பற்றிக்கொண்டது. ஆயிரக்கணக்கானோர் தத்தம் பெயரைச் சொல்லி, எத்தனை ஆண்டில் எத்தனை ஒப்பந்தம், எத்தனை ஊர், தள்ளிப்போட்ட திருமணம், பெறாத பிள்ளை என்று எழுதினார்கள். அதற்குமுன் 2020 அக்டோபர் 31ஆம் நாள், அதே மூவர் அச்சட்டத்துக்கு எதிராக 95 கருத்துகளைத் திரட்டப் புறப்பட்டிருந்தார்கள். ஏன் அந்த நாள், ஏன் அந்த எண்? 1517ஆம் ஆண்டு அதே நாளில்தான் மார்ட்டின் லூதர், திருச்சபை பாவமன்னிப்புச் சீட்டு விற்றதைக் கண்டித்து 95 கருத்துகளை வெளியிட்டார். ஊழலை எதிர்க்க ஊரறிந்த வரலாற்றையே படைக்கலமாக்கினார்கள். அமைச்சகம் படத்தைத் தன் தளத்திலிருந்து எடுத்துவிட்டது. படத்தை எடுத்துவிட்டார்கள், சட்டத்தை எடுக்கவில்லை.

சரி, 'ஆள் மாறினால்தான் புதுமை' என்கிறார்களே, அந்த வாதத்தைச் சற்று உரைத்துப் பார்ப்போம்.

சூரிச் நகரத்துத் தொழில்நுட்பக் கல்லூரியில் 1900ஆம் ஆண்டு ஓர் இளைஞன் தேறினான். பேராசிரியர்களிடம் உதவியாளர் வேலை கேட்டான். கிடைக்கவில்லை. ஊர் ஊராகக் கடிதம் எழுதினான். லைப்சிக் நகரத்து வேதியியல் மேதை ஆஸ்ட்வால்டுக்கும் எழுதினான். பதில் வராமல் மகன் வாடுவதைக் கண்ட தகப்பன், 1901இல், மகனுக்குத் தெரியாமல் தானே ஒரு கடிதம் எழுதினார்: ஐயா, என் பையனுக்கு இரண்டு வரி ஊக்கமாக எழுதுங்கள், முடிந்தால் ஓர் உதவியாளர் வேலை கொடுங்கள் என்ற கருத்திலே. தகப்பன்மார்கள் எந்த நாட்டிலும் தகப்பன்மார்கள்தான்! அந்த மகன் ஐன்ஸ்டைன். கடைசியில் 1902இல் பெர்ன் நகரத்துக் காப்புரிமை அலுவலகத்தில் மூன்றாந்தர அலுவலராகச் சேர்ந்தான். முதலில் தற்காலிகம். 1904 செப்டம்பரில் அந்த வேலை நிரந்தரமாயிற்று. 1905இல் என்ன நடந்தது என்பதை இங்கிருக்கும் இயற்பியல் மாணவர்கள் சொல்லட்டும்! ஒரே ஆண்டில், உலகத்தின் அடித்தளத்தையே அசைத்த கட்டுரைகள். வேலை நிரந்தரமானதால்தான் அந்த அறிவு பிறந்தது என்று சொல்லுமளவுக்கு நான் பேதையல்லன். ஆனால், நிரந்தர வேலை அறிவைத் துருப்பிடிக்கச் செய்யும் என்போர் 1904க்கும் 1905க்கும் நடுவே ஒரு கணம் நிற்கட்டும். (அந்த ஆஸ்ட்வால்டே பின்னர் ஐன்ஸ்டைனை நோபல் பரிசுக்கு முன்மொழிந்தார், 1910ஆம் ஆண்டுப் பரிசுக்கு. நல்லவர்தான், கடிதத்துக்குப் பதில் எழுதப் பழகியிருக்கலாம்.)

'இல்லை, இல்லை, கஷ்டப்பட்டவர்கள்தானே சாதிக்கிறார்கள்' என்று வேறொரு கட்சி உண்டு. கத்தலின் கரிக்கோவைக் காட்டுவார்கள். ஹங்கேரி நாட்டுப் பெண். 1985இல் அமெரிக்காவுக்குப் புறப்பட்டபோது, காரை விற்ற பணம் 900 பவுனைத் தன் மகளின் கரடிப் பொம்மைக்குள் வைத்துத் தைத்துக்கொண்டு போனார். போஸ்ட்டாக் வேலையில் சேர்ந்தார். பின்னர் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்ட முடியவில்லை என்ற நிலையில் 1995இல் பதவியிறக்கம் செய்யப்பட்டார். விடாமல் உழைத்தார். கொரோனா தடுப்பூசிக்கு அடிப்படையான ஆராய்ச்சி அது. 2023இல் நோபல் பரிசு. வணங்குகிறேன் அந்தத் தாயை. ஆனால் கேட்கிறேன்: வெள்ளத்தில் விழுந்து கரையேறிய ஒருவரைக் காட்டி, 'பார்த்தாயா, வெள்ளம் நீச்சல் கற்றுக்கொடுக்கிறது' என்று சொல்வதா நியாயம்? மூழ்கியவர்களுக்கு யார் விழா எடுப்பார்கள்?

ஆராய்ச்சிக்கூடத்தில் என்ன நடக்கிறது என்பதை அங்கே வேலை பார்த்த நம் பிள்ளைகளிடம் கேட்டேன். முதல் ஆண்டு கருவியைப் பழகுவதில் போகிறது. இரண்டாம் ஆண்டின் பாதியில் அடுத்த வேலைக்கு விண்ணப்பம் எழுதத் தொடங்கவேண்டும். நடுவிலே கிடைக்கிற காலத்தில் விஞ்ஞானம்! கருவியின் குணத்தை, அது எப்போது முரண்டுபிடிக்கும், எந்தத் திருகை எவ்வளவு திருகவேண்டும் என்பதை அறிந்தவள் போய்விடுகிறாள். அடுத்து வருபவன் முதலிலிருந்து தொடங்குகிறான். அச்சுக்கூடத்தில் மாதத்துக்கொரு முறை ஆளை மாற்றினால் பத்திரிகை வெளிவருமா? அந்த முதியவரைக் கேளுங்கள், சொல்வார்.

பணமுள்ளவன் ஆடும் பந்தயம்

இன்னொன்று சொல்லவேண்டும், நம்மைப் போன்றவர்கள் சொல்லாவிட்டால் யாரும் சொல்லமாட்டார்கள். நிலையற்ற வேலையில் பத்தாண்டு, பன்னிரண்டாண்டு காத்திருக்க யாரால் முடியும்? வீட்டிலே சொத்துள்ளவனால் முடியும். தகப்பன் வாடகை கட்டுவான், மாமன் கைகொடுப்பான். மாதச் சம்பளத்தில் பாதியை ஊருக்கு அனுப்பவேண்டிய வீட்டுப் பிள்ளையால் முடியுமா? 1917 நவம்பர் 7ஆம் நாள் மியூனிக் நகரத்திலே மாணவர்கள் முன்னிலையில் மாக்ஸ் வெபர் என்ற பேரறிஞர் பேசினார். அதே நாளில்தான் ருஷ்யாவில் புரட்சி வெடித்தது. அங்கே அரண்மனை அதிர்ந்தது, இங்கே ஓர் அரங்கம் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தது. ஆராய்ச்சி வாழ்வு ஒரு சூதாட்டம், சொந்தப் பணமில்லாத இளைஞன் அதில் இறங்குவது பேராபத்து என்பதை ஒளிவுமறைவின்றி எடுத்துரைத்தார். அன்றைக்குப் பேராசிரியர் பதவிக்குக் காத்திருந்த இளம் ஆசிரியர்களுக்கு அங்கே முறையான சம்பளமே கிடையாது. இன்று சம்பளம் உண்டு; அது முன்னேற்றந்தான், மறுக்கவில்லை. சூதாட்டம் நின்றதா? பகடை மட்டும் மாறியிருக்கிறது.

எதிர்த்தரப்பாரின் வாதத்தில் உண்மையே இல்லையா என்றால், ஒரு துளி இருக்கிறது. எல்லா இடத்தையும் இன்றைக்கே நிரப்பிவிட்டால், பத்தாண்டு கழித்து வரும் பிள்ளைக்குக் கதவு சாத்தியிருக்கும். மெய். ஆனால் அங்கே சிக்கல் வேறு. நாற்காலி ஒன்று, அதில் பேராசிரியர் ஒருவர், அவர் ஒருவருக்குத்தான் ஆயுள் உரிமை, அவரைச் சுற்றியிருப்பவரெல்லாம் வந்து போவோர் என்ற பழைய அமைப்பு. மன்னரும் பரிவாரமும்! நடுவிலே நிலையான பதவிகளை அதிகமாக உண்டாக்கினால் தீரும். தெரியாமலில்லை, 2016இல் மத்தியும் மாநிலங்களும் கூடி, படிப்படியாக நிரந்தரமாகும் 1,000 பேராசிரியர் பதவிகளுக்கு மத்திய அரசு 100 கோடி யூரோவரை வழங்குவதென முடிவு செய்தன. நல்ல செயல். ஆனால் பசித்தவர் வரிசை நீளம். பந்தியிலே இலை ஆயிரம்.

பெர்லின் மாநிலம் இன்னும் துணிந்தது. டாக்டர் பட்டம் பெற்றவரைப் பல்கலைக்கழகத்தின் சொந்தப் பதவியில் அமர்த்தினால், குறித்த இலக்கை அவர் அடைந்தபின் நிலையான இடம் தருவதாக உறுதி சொல்லவேண்டும் என்று 2021இல் மாநிலச் சட்டம் செய்தது. தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கும் பொருந்தும் சட்டம். உடனே கூக்குரல்! பணமெங்கே, இடமெங்கே என்றார்கள். ஹம்போல்ட் பல்கலைக்கழகத்தின் தலைவியார் பதவி விலகுவதாக அறிவித்தார். அப்பல்கலைக்கழகம் அரசியல் சட்ட நீதிமன்றம் சென்றது. 2025இல் தீர்ப்பு வந்தது. இந்தப் பொருளில் மத்தியச் சட்டம் இருக்கிறது, மாநிலத்துக்கு இதில் சட்டம் செய்யும் அதிகாரம் இல்லை, ஆகவே செல்லாது! தோழர்களே, ஜெர்மன் மொழியில் எழுதிய தீர்ப்புத்தான். ஆனால் மொழிபெயர்ப்பு இல்லாமலே நமக்குப் புரிகிறதே!

மத்தியிலாவது திருத்தினார்களா? 2023 மார்ச்சில் அமைச்சகம் ஒரு திட்டம் வெளியிட்டது: பட்டம் பெற்றபின் தவணைக் காலம் மூன்றாண்டு என்று. காலத்தைக் குறைத்தார்கள், இடத்தைக் கூட்டவில்லை. எதிர்ப்புப் புயலில் இரண்டே நாளில் பின்வாங்கிற்று. பிறகு வேறு வடிவம், 2024இல் அமைச்சரவை ஒப்புதல், அவ்வாண்டு நவம்பரில் ஆட்சிக் கூட்டணியே உடைந்தது, மசோதா கரையேறவில்லை.

இதெல்லாம் அவர்கள் நாட்டு வழக்கு, நமக்கென்ன என்று கேட்கலாம். நமக்கென்னவா? 1959இல் மேற்கு ஜெர்மனியின் துணையோடுதான் சென்னையில் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் எழுந்தது. அன்று அங்கிருந்து ஆசிரியர்கள் இங்கே வந்தார்கள். இன்று இங்கிருந்து பிள்ளைகள் அங்கே போகிறார்கள். 2023-24இல் ஜெர்மன் உயர்கல்வி நிலையங்களில் பயின்ற இந்திய மாணவர் 49 ஆயிரத்துக்கு மேல். வெளிநாட்டார் கூட்டத்தில் முதலிடம். அவர்களில் ஒரு பகுதியினர் டாக்டராகி, போஸ்ட்டாக் ஆகி, அந்த நீண்ட தாழ்வாரத்தில் நிற்கப்போகிறார்கள். அந்நாட்டுக் குடிமகனுக்கு ஒப்பந்தம் முடிந்தால் வேலை போகிறது. நம் பிள்ளைக்கோ, அங்கே வசிக்கும் அனுமதியே ஒப்பந்தத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. ஒரு முடிச்சு அவிழ்ந்தால் இரண்டும் போகும்.

அடுத்தவன் வீட்டு ஒட்டடையைப் பேசிவிட்டு, நம் வீட்டு மூலையைப் பாராமல் போனால் நான் பேச்சாளனே தவிர, நேர்மையாளனல்லன். நம்முடைய அரசுக் கலைக் கல்லூரிகளிலே 'கௌரவ விரிவுரையாளர்' என்று ஒரு பதவி இருக்கிறது. முனைவர் பட்டம் பெற்றவர்கள், தகுதித் தேர்வு தேறியவர்கள், ஆண்டாண்டாகத் தொகுப்பூதியத்தில் பாடம் நடத்துகிறார்கள். பெயரிலே கௌரவம்! நமக்கு வேண்டியவர் ஆண்டாலும் வேண்டாதவர் ஆண்டாலும் அவர்கள் போராட்டப் பந்தலில் உட்கார்ந்திருப்பதைக் காண்கிறோம். பெர்லினைப் பார்த்துக் கண் சிவக்கிற நாம், அந்தப் பந்தலைக் கடக்கும்போது வண்டியின் கண்ணாடியை ஏற்றிக்கொள்ளக் கூடாது. இதைச் சொன்னதற்காக மேடையிலிருக்கும் பெரியவர்கள் என்னைக் கடிந்துகொண்டாலும் கவலையில்லை.

மீண்டும் அந்த முதியவரைப் போய்ப் பார்த்தேன். இவ்வளவையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அப்படியானால் பாப்பா போகவேண்டாம் என்கிறாயா, தம்பி?"

"போகட்டும், அண்ணே. நல்ல கருவி, நல்ல நூலகம், நல்ல சம்பளம். இங்கே கிடைக்காதது அங்கே கிடைக்கும். ஆனால் கையெழுத்துப் போடுவதற்குமுன் எழுத்து மூலம் சில கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள். இந்தச் சம்பளம் பல்கலைக்கழகத்தின் சொந்தப் பணமா, திட்டப் பணமா? திட்டப் பணமானால் எந்த நாளில் தீருகிறது? இந்த 24 மாதம் அந்த ஆறாண்டுக் கணக்கில் கழிபடுமா? முடிந்தபின் தொடர வழியுண்டா, அதற்கு என்ன அளவுகோல்? போய்ச் சேர்ந்த மாதமே தொழிற்சங்கத்தில் சேரச் சொல்லுங்கள். கல்வித்துறைக்கும் ஆராய்ச்சித்துறைக்கும் அங்கே தனிச் சங்கம் இருக்கிறது. 2010இலேயே டெம்ப்ளின் அறிக்கை என்று வெளியிட்டு இந்தக் கோரிக்கையை எழுப்பியவர்கள்."

'சங்கம்' என்றதும் அவர் முகம் மலர்ந்தது. டாக்டர் பட்டத்துக்கும் சங்கம் தேவைப்படுகிறது என்பதைக் கேட்டு அவருக்கு வியப்போ, ஆறுதலோ, எனக்கு விளங்கவில்லை. சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார். அந்தத் தாளைத் திருப்பி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கேள்வியாக, அச்சுக் கோப்பவருக்கே உரிய நிதானத்தோடு எழுதினார். நான்காவது கேள்விக்கு வந்ததும் நிமிர்ந்து, "இதை இன்னொரு தடவை சொல்லு, தம்பி, பிழையில்லாமல் போகவேண்டும்" என்றார்.